பத்து மணிக்குப் போனால் ஊர் இருக்காது

கேள்வி: சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மீனவக் குடும்பங்களில் பணம் பற்றிய முடிவுகளை யார் எடுக்கிறார்கள் என்பது தலைப்பு. நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் களப்பணி. டவுனில் அறை எடுத்துத் தங்கி, தினமும் காலை பத்து மணிக்குப் போய் நாலு மணி பஸ்ஸில் திரும்புகிறேன். ஆறு வாரம் ஆகிவிட்டது. 64 கேள்விகள் உள்ள வினாநிரலை 43 வீடுகளில் நிரப்பியிருக்கிறேன். ஊர்ப் பஞ்சாயத்தைச் சேர்ந்த ஒருவர் கூடவே வந்து வீடுகளைக் காட்டுகிறார். எல்லா வீட்டிலும் ஒரே பதில்: “எல்லாம் அவருதான் பாத்துக்குவாரு.” ரெக்கார்டரை எடுத்தால் பேச்சு நின்றுவிடுகிறது. நெறியாளரோ, “இதுல இனவரைவியல் எங்கம்மா இருக்கு?” என்கிறார் (மக்களோடு கூடவே இருந்து, பார்த்து, எழுதும் ஆய்வுமுறையைச் சொல்கிறார்). இப்போது பிப்ரவரி. ஜூன் நடுவில் முடித்தாக வேண்டும். இதுவரை செய்தது வீணா?

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

வீண் இல்லை. ஆனால் நீங்கள் இதுவரை செய்தது களப்பணியின் முன்னோட்டம்தான். கோளாறு கேள்விகளில் இருப்பதாக நீங்கள் நினைக்கிறீர்கள். கடிதத்தைப் படித்தால் அதைவிடப் பெரிய கோளாறு உங்கள் பஸ் நேரத்தில் தெரிகிறது.

அந்தக் கரையில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். ஃபைபர் படகுகள் பெரும்பாலும் விடியலுக்கு முன்பே இறங்கிவிடும். காலையில் கரை சேரும்போதே ஏலம். ஏலத்தில் எடுத்த மீனை அன்னக்கூடையில் போட்டுக்கொண்டு பெண்கள் ஷேர் ஆட்டோவில் கிளம்பிவிடுவார்கள். சிலருக்குச் சந்தை, சிலருக்குத் தெரு வியாபாரம். நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்கும் பத்து மணிக்கு, பணத்தைக் கையில் வைத்திருக்கும் பெண் ஊரிலேயே இல்லை. கடலுக்குப் போய் வந்தவர் தூக்கத்தில் இருக்கிறார். கதவைத் திறப்பது மாமியார், பிள்ளை பெற்று ஓய்வில் இருக்கும் மருமகள், கல்லூரிக்குப் போகாத மகள். வியாபாரத்துக்குப் போன பெண் திரும்பி, குளித்து, சமைத்து, தெருவில் வந்து உட்காரும் சாயங்காலத்தில் நீங்கள் பஸ்ஸில் இருக்கிறீர்கள். ஆக அந்த 43 வீடுகளும் ஊரின் மாதிரி அல்ல. பத்து மணிக்கு வீட்டில் இருப்பவர்களின் மாதிரி.

ஆகவே முதல் வேலை ஊரிலேயே தங்குவது. ஒரு குடும்பத்தோடு, வாடகை பேசி, சாப்பாட்டுக்குத் தனியாகக் கொடுத்துத் தங்குங்கள். எந்த வீடு என்பதில் நிதானம் வேண்டும். படகு முதலாளி வீட்டில் தங்கினால் கூலிக்குப் போகிறவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். பஞ்சாயத்துத் தகராறில் ஒரு பக்கம் நிற்கும் வீடு என்றால் மறுபக்கத் தெரு உங்களுக்கு மூடிவிடும். தனியாக இருக்கும், மீன் விற்கும் ஒரு வயதான அம்மா வீடு கிடைத்தால் நல்லது. விடியற்காலையில் கரைக்குப் போக அவர் துணையும் ஆகும். தங்கவே முடியாது என்றால், வாரத்தில் நாலு நாளாவது அதிகாலை ஐந்தரைக்குக் கரையில் நில்லுங்கள், வேறு இரண்டு நாள் இருட்டும் வரை இருங்கள். பல ஊர்களில் பெண்கள் படகில் ஏறுவதை விரும்புவதில்லை. வற்புறுத்த வேண்டாம். உங்கள் தலைப்புக்குத் தேவையானதெல்லாம் கரையிலும் வீட்டிலும் சந்தையிலும் இருக்கிறது.

“எல்லாம் அவருதான் பாத்துக்குவாரு” என்றவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. “உங்கள் வீட்டில் முடிவு யார் எடுப்பார்கள்?” என்று, பஞ்சாயத்து ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால், எது முறையோ அதைத்தான் சொல்வார்கள். நீங்கள் முறையைக் கேட்டீர்கள், முறை கிடைத்தது. ஆய்வுக்கு அதுவும் ஒரு தரவுதான், ‘ஊருக்கு முன்னால் சொல்லப்படும் பதில்’ என்று பெயரிட்டு வையுங்கள். இன்னொன்றும் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு அந்தக் கரையில் படிவமும் பேனாவுமாக வந்து போனவர்களுக்குக் கணக்கில்லை. நிவாரணம், வீடு, படகு, வலை எல்லாமே ஏதோ ஒரு படிவத்தின் வழியாகத்தான் வந்தன, அல்லது வராமல் போயின. அச்சடித்த தாளைக் கண்டால் ஜாக்கிரதையாகப் பேசுவது அவர்கள் கற்ற பாடம். உங்கள் வினாநிரலை அந்த வரிசையில்தான் வைத்திருப்பார்கள்.

‘வழக்கமாக’, ‘பொதுவாக’ என்ற இரண்டு சொற்களையும் கேள்விகளிலிருந்து எடுத்துவிடுங்கள். கடைசியாக நடந்ததைக் கேளுங்கள். “நேத்து ஏலத்துல எடுத்த மீனுக்குக் காசு எப்பக் குடுத்தீங்க?” “இந்தத் தடவ ஸ்கூல் ஃபீஸ் எதுலேருந்து கட்டுனீங்க?” “போன மாசம் இன்ஜின் ரிப்பேர் ஆச்சே, பணத்த யாரு பொரட்டுனா?” கடைசிக் கேள்விக்குப் பதிலாக ஒரு நகை அடகுக்குப் போன கதை வரலாம். அந்த நகை யாருடையது, சீட்டு யார் பெயரில் இருக்கிறது, வட்டியை மாதாமாதம் கொண்டுபோய்க் கட்டுவது யார், மீட்ட பிறகு யார் கழுத்தில் ஏறியது என்று பின்தொடருங்கள். முடிவு யார் எடுத்தார் என்று நீங்கள் கேட்கவே தேவையில்லாமல் போகும்.

கேட்பதைவிட முக்கியம் பார்ப்பது, பார்த்ததைவிட முக்கியம் அன்றிரவே எழுதுவது. பெரும்பாலான களப்பணிகள் கெடுவது இங்கேதான். ஏலத்தைப் பற்றி மாணவர்கள் எழுதும் குறிப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும்: “காலையில் ஏலம் நடந்தது. பெண்கள் ஆர்வமாகக் கலந்துகொண்டனர். பணத்தைப் பெண்களே கையாள்கின்றனர்.” இந்த மூன்று வரியை ஆறு மாதம் கழித்துப் படித்தால் ஒன்றும் மிஞ்சாது. ‘ஆர்வமாக’ என்பது உங்கள் தீர்ப்பு, ‘கையாள்கின்றனர்’ என்பது உங்கள் முடிவு. நடந்தது எங்கே? அதே காலையை எப்படி எழுதலாம் என்று காட்ட ஒரு மாதிரி கட்டித் தருகிறேன் (வீ-7, வீ-22 என்பவை பெயருக்குப் பதிலாக வீடுகளுக்குக் கொடுத்த எண்கள்):

“6.40. நெத்திலி, இரண்டு கூடை. ஏலக்காரர் 900-இல் தொடங்கினார், 1,250-இல் நின்றது. எடுத்தவர் வீ-7 அம்மா. பணம் தரவில்லை. ‘சாயங்காலம்’ என்றார். ஏலக்காரர் நோட்டில் எதுவும் எழுதவில்லை, தலையை ஆட்டினார். அடுத்த கூடையை வீ-22 கேட்டார். ஏலக்காரர்: ‘பழசு இருக்கேக்கா.’ வீ-22 சுருக்குப்பையிலிருந்து 200 எடுத்துக் கொடுத்தார். இப்போது நோட்டில் எழுதினார். வீ-22-இன் கணவர் நாலடி தள்ளி வலையை உதறிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. [எனக்கு: பார்க்காதது தற்செயலா, மரியாதையா? வீ-7-க்கு மட்டும் வாய்ச்சொல் போதுமா?]”

இந்தக் குறிப்பில் உங்கள் ஆய்வே இருக்கிறது. ஒருவருக்கு வாய்ச்சொல்லும் இன்னொருவருக்கு நோட்டும் ஏன்? கடன் பெண் பெயரிலா, வீட்டின் பெயரிலா? கணவர் திரும்பிப் பார்க்காதது பத்து நாளும் அப்படியேதானா? 64 கேள்விகளை அறையில் உட்கார்ந்து எழுதியபோது இவற்றில் ஒன்றுகூட உங்களுக்குத் தோன்றியிருக்காது. சதுர அடைப்புக்குள் போட்டிருப்பதையும் கவனியுங்கள்: கண்டது வெளியே, யோசித்தது உள்ளே. இரண்டும் கலந்தால் பிறகு பிரிக்கவே முடியாது.

கரையில் நின்று இவ்வளவும் எழுத முடியாது, எழுதவும் கூடாது. உள்ளங்கையில் அடங்கும் நோட்டில் சொற்களை மட்டும் போடுங்கள்: “நெத்தி 2, 900–1250, வீ7 சாயங்., வீ22 பழசு 200 நோட்டு, புருஷன் வலை.” பதினைந்து சொல் போதும். அதுவும் முடியாத இடத்தில் ஓரமாகப் போய் செல்போனில் தட்டிக்கொள்ளுங்கள். போன் பார்ப்பவரை யாரும் கவனிப்பதில்லை. தூங்குவதற்கு முன் அதை விரித்து எழுதிவிட வேண்டும். ஒரு மணி நேரம் பார்த்ததை எழுத ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். அதனால் ஒரு நாளில் மூன்று, நாலு மணி நேரத்துக்கு மேல் பார்த்துச் சேர்க்காதீர்கள், எழுத நேரம் இருக்காது. விரித்து எழுதும் முன் யாரிடமும் அன்றைய கதையைச் சொல்லவும் வேண்டாம். ஒரு தடவை வாயால் சொல்லிவிட்டால் சொன்ன வடிவம்தான் நினைவில் தங்கும், கண்ட வடிவம் போய்விடும்.

கோபம், சலிப்பு, வீட்டு நினைப்பு, யார்மீதாவது வெறுப்பு — இவற்றுக்குத் தனி டைரி. பசிபிக்கில் உள்ள திரோபிரியாண்டு தீவுகளில் தங்கிக் களப்பணிக்கே இலக்கணம் வகுத்தவர் என்று பெயர் பெற்ற மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி இறந்து கால் நூற்றாண்டு ஆன பின், 1967-இல் அவருடைய சொந்த டைரி அச்சில் வந்தது. தான் ஆராய்ந்த மக்கள்மீது அவருக்கு இருந்த எரிச்சலைப் பார்த்துத் துறையே திகைத்தது. எரிச்சல் வரத்தான் செய்யும். எந்த நாள் எரிச்சலோடு எழுதினீர்கள் என்று பிறகு தெரிந்தால்தான் அந்த நாள் குறிப்பை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும்.

சொற்களில் ஒரு எச்சரிக்கை. நீங்கள் வினாநிரலில் ‘கடன்’ என்று ஒரே சொல்லைப் போட்டிருப்பீர்கள். அந்தத் தெருவில் கைமாத்து வேறு, வட்டி வேறு, தண்டல் வேறு, அடகு வேறு, குழுக்கடன் வேறு. சீட்டு எடுப்பதைப் பலர் கடன் என்றே எண்ணுவதில்லை. வியாபாரி படகுக்காரருக்குக் கொடுக்கும் அட்வான்ஸ் இன்னும் வேறு: பிடித்த மீனை அவரிடமே போட வேண்டும் என்ற கட்டு அதில் இருக்கலாம். “கடன் இருக்கா?” என்றால் “இல்ல” என்பார், கைமாத்து மூவாயிரம் நிலுவையில் இருக்கும். அவர் கணக்கில் அது கடனே இல்லை. அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். ‘பாடு இல்ல’ என்றால் ‘மீன் கிடைக்கவில்லை’ என்று திருத்தி எழுதாதீர்கள். எந்தச் சொல்லை யார், யாரிடம் சொன்னார் என்று ஒரு சொல்லடைவு தனியாக வளரட்டும். ஒவ்வொரு வகையையும் ஆண் வாங்குகிறாரா பெண் வாங்குகிறாரா என்று குறித்து வந்தால், உங்கள் ஆய்வேட்டின் ஒரு இயல் அதிலேயே நிற்கும்.

‘வீடு’ என்ற அலகிலும் இதே சிக்கல் இருக்கிறது. ரேஷன் கார்டு ஒரு கணக்கு. ஊர் வரி வாங்கும் தலைக்கட்டு இன்னொரு கணக்கு: கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு, விதவையை எப்படிச் சேர்ப்பது என்பது ஊருக்கு ஊர் மாறும். அடுப்பு மூன்றாவது. கூரை நாலாவது. சுனாமிக் குடியிருப்பில் ஒரு வீடு, கரையோரம் பழைய வீடு என்று இரண்டையும் வைத்திருக்கும் குடும்பம் உண்டு. பணத்தைப் பற்றிய ஆய்வுக்கு அடுப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். யார் யாருக்குச் சேர்த்து உலை வைக்கிறார்கள் என்று கேட்டால் குழப்பமில்லாத பதில் வரும். ஊரை நடந்து, கையால் ஒரு வரைபடம் போட்டு, ஒவ்வொரு அடுப்புக்கும் ஒரு எண் கொடுங்கள். மேலே வீ-7 என்று எழுதியது அதைத்தான். வரைபடம் போடும்போது சிறுவர்கள் கூடவே வருவார்கள், யார் வீடு எது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

உறவுமுறை தெரியாமல் பணம் புரியாது. இதற்கு மானிடவியலாளர் ரிவர்ஸ் கொடுத்த வழியைவிட நல்ல வழி இன்றும் இல்லை. 1898-இல் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே டாரஸ் நீரிணைக்குப் போன ஆய்வுப் பயணத்தில் அவர் உருவாக்கியது அது. 1901–02-இல் நீலகிரியில் தோடர்களிடமும் அதைப் பயன்படுத்தினார். உறவுப் பெயர்களைக் கேட்காமல் ஆள் பெயர்களைக் கேட்பதுதான் அதன் சூட்சுமம். தமிழில் இது ரொம்பவே அவசியம். ‘மாமா’ என்றால் அம்மாவின் தம்பியா, மாமனாரா, புருஷனா, தெருவில் பெரியவரா? ‘அண்ணன்’ கூடப்பிறந்தவரா, பெரியப்பா மகனா? “உங்களப் பெத்த அம்மா பேரு என்ன? அவங்க வயித்துல பொறந்தவங்க எத்தன பேரு? மொதல்ல யாரு?” என்று பெற்றவர், பிள்ளை, கணவன், மனைவி என்ற நாலு சொற்களுக்குள்ளேயே நில்லுங்கள். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்குச் சமக்குறி, இறந்தவருக்குக் குறுக்குக்கோடு. அந்தக் கரையில் குறுக்குக்கோடு போடும் இடம் வரும்போது பேனாவை வைத்துவிடுங்கள். 2004-இல் போன பிள்ளையின் பெயர் அந்தக் கேள்வியில் வெளியே வரலாம். ஆகவே இதை அறிமுகம் இல்லாத வீட்டில் ஆரம்பிக்கக் கூடாது. அடுத்த ஆறு வாரத்துக்குள் அவசரப்பட்டு முடிக்கவும் வேண்டாம்.

கூடவே வரும் பஞ்சாயத்துக்காரரை எப்படிக் கழற்றுவது என்று நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்தது தெரிகிறது. அவரைப் பகைக்க முடியாது. ஊர்க்கட்டுப்பாடு உள்ள இடத்தில் அவர் சம்மதம் இல்லாமல் நீங்கள் ஒரு நாள்கூட நிற்க முடியாது. வாரம் ஒரு தடவை நீங்களாகவே போய் அவரைப் பாருங்கள். “இந்த வாரம் அம்மாங்ககூட சந்தைக்குப் போறேன்ணே, உங்களுக்கு அலைச்சல் வேணாம்” என்று சொல்லிவிடுங்கள். அவர் வர முடியாத இடங்களை நம்பியே உங்கள் நாளை அமையுங்கள்: சந்தை, ஷேர் ஆட்டோ, தண்ணீர்க்குழாய், குழுக் கூட்டம், சாயங்காலத் திண்ணை. அவரிடமே உட்கார்ந்து ஊர்ப் பஞ்சாயத்துக்கு வரும் பணத் தகராறுகளைப் பற்றிப் பேசுங்கள். அதற்கு அவரைவிட நல்ல தகவலாளி இல்லை.

ரெக்கார்டரை மார்ச் வரை பையிலேயே வையுங்கள். பழகிய பத்துப் பன்னிரண்டு பேரிடம் மட்டும், சம்மதம் கேட்டுப் பதிவு செய்தால் போதும். ஒரு மணி நேரப் பேச்சை வட்டாரச் சொல்லோடு எழுத்தாக்க ஐந்து, ஆறு மணி நேரம் ஆகும். 43 பேரைப் பதிவு செய்தால் ஜூன் வரை ஹெட்போனோடுதான் இருப்பீர்கள். சம்மதத்துக்குக் கையெழுத்துக் கேட்காதீர்கள், பயந்துவிடுவார்கள். நீங்கள் யார், எதற்கு, எவ்வளவு நாள், பெயர் வராது, நடுவில் நிறுத்தச் சொல்லலாம், இதனால் எந்த உதவித்தொகையும் வராது — இந்த ஆறையும் பேச்சுத் தமிழில் மனப்பாடம் செய்து சொல்லி, அவர் சரி என்பதை நாளோடு குறித்துக்கொள்ளுங்கள். வாய்மொழிச் சம்மதம் போதும் என்று உங்கள் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவிடம் முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். ஆறாவது விஷயத்தை விட்டுவிட்டால் மற்ற ஐந்தும் காற்றோடு போகும். அதே காரணத்துக்காக, உதவி செய்கிறேன் என்று விண்ணப்பப் படிவங்களை நிரப்பிக் கொடுக்க ஆரம்பிக்காதீர்கள். ஒரு வாரத்தில் நீங்கள் ஆபீஸ் ஆள் ஆகிவிடுவீர்கள். வேறு விதத்தில் கைம்மாறு செய்யலாம்: எடுத்த போட்டோவைப் பிரின்ட் போட்டுக் கொடுங்கள், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுங்கள்.

படகின் பதிவு எண், வலையின் விவரம், யார் எந்த மீனை எங்கே பிடித்தார் என்பதை ஆள் தெரியும்படி எழுதாதீர்கள், படமும் எடுக்காதீர்கள். மீன்கூட்டத்தை மொத்தமாக வளைக்கும் சுருக்குமடி வலை வழக்காகவும் மோதலாகவும் இருக்கிற கரை அது. எண்-பெயர்ப் பட்டியல் தனித் தாளில், ஊருக்கு வெளியே இருக்கட்டும். குறிப்புகளின் நகல்களையும் பிரித்து வையுங்கள். சமூகவியலாளர் எம்.என்.ஸ்ரீனிவாஸ் 1948-இல் கர்நாடகத்தின் ராம்புராவில் செய்த களப்பணியின் குறிப்புகளைப் பல ஆண்டு உழைத்து ஒழுங்குபடுத்தி வைத்திருந்தார். 1970-இல் ஸ்டான்ஃபோர்டில் அவர் இருந்த ஆய்வு மையத்துக்கு யாரோ தீ வைத்தபோது அவை எரிந்துபோயின. மூன்று படிகள் இருந்தும், மூன்றும் ஒரே அறையில் இருந்தன. நினைவிலிருந்து எழுதி அவர் ஒரு அருமையான நூலைத் தந்துவிட்டார். நமக்கெல்லாம் அது நடக்காது.

இனி நாள்காட்டி. இன்னும் நாலு மாதம் இருக்கிறது, அது உங்களுக்கு அதிர்ஷ்டமாகவே அமைந்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஆண்களின் வருமானம் அடைபடும்போது வீடு எதில் ஓடுகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். தடைக்கு முன் இரண்டு மாதம், தடைக்குள் இரண்டு மாதம் என்று ஒப்பிட்டால் உங்கள் தலைப்புக்கு இதைவிடத் தோதான அமைப்பு கிடையாது. எட்டு அடுப்புகளைத் தேர்ந்தெடுங்கள்: விசைப்படகு முதலாளி, பங்குக்குப் போகிறவர், ஃபைபர் படகு, கணவர் வளைகுடாவில் இருப்பவர், விதவை, மீன் விற்காமல் வீட்டில் இருப்பவர் என்று கலந்து. ஒன்றுவிட்டு ஒரு நாள் சாயங்காலம் பத்து நிமிடம், அன்று வந்த காசு, போன காசு, யார் கையிலிருந்து யார் கைக்கு என்று மட்டும் கேட்டு எழுதுங்கள். மார்ச்சில் நாலு வாரம், மே மாதத்தில் அதே எட்டு வீட்டில் நாலு வாரம். தொகையை மறைப்பார்கள், பரவாயில்லை. கை மாறிய வழியை மறைப்பது கடினம்.

விசைப்படகில் பங்கு பிரிப்பதை ஒரு முறையாவது பக்கத்தில் இருந்து பாருங்கள். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்தபின் மீதி எப்படிப் பிரிகிறது என்பது படகுக்குப் படகு, ஊருக்கு ஊர் மாறும். ஆகவே புத்தகத்தில் படித்த விகிதத்தை எழுதாதீர்கள். பங்குப் பணம் கடற்கரையிலிருந்து வீட்டு வாசலுக்குள் எவ்வளவு குறைந்து நுழைகிறது என்பதுதான் உங்களுக்கு வேண்டியது.

நிரப்பிய 43 படிவங்களை எடுத்து, ஒவ்வொன்றின் பின்பக்கமும் நினைவில் இருக்கும் வரை எழுதுங்கள்: எத்தனை மணி, பதில் சொன்னவர் யார், பக்கத்தில் யார் இருந்தார், யார் குறுக்கிட்டார், எந்தக் கேள்வியில் சிரித்தார். அதே வீடுகளில் மே மாதம் நீங்கள் கண்டதையும் இந்தப் பதில்களையும் அடுத்தடுத்து வைத்தால் நெறியாளர் கேட்ட இனவரைவியல் அங்கே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை களத்துக்குப் போகாமல் அந்த வாரக் குறிப்புகளை முழுக்கப் படித்து, எது நீங்கள் எதிர்பார்த்ததற்கு மாறாக இருந்தது, எந்த வீட்டை ஒதுக்கிவிட்டீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி அவருக்கு அனுப்புங்கள். அட்டவணை எதுவும் இப்போது வேண்டாம்.

நாளை காலை ஏலத்தைப் பார்த்துவிட்டு, அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் இரவு எழுதிப் பாருங்கள். நாலு பக்கத்துக்குக் குறைந்தால் மறுநாளும் அதே இடத்தில் நில்லுங்கள்.